குப்பைக் கட்டில் கடல்வழி கண்டவர்

நிலத்தில் நடப்பவனுக்கு முன்னே போனவனின் கால் தடம் வழி காட்டும். வண்டித் தடம் வழி காட்டும். கடலில் தடம் ஏது? ஆயிரம் கப்பல்கள் போனாலும் அடுத்த நிமிடமே அலை வந்து மூடிவிடும்.

ஆனாலும் கடலிலும் பாதை உண்டு. காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையில் வீசும், நீரோட்டம் எங்கே இழுக்கும், எங்கே காற்றே இல்லாமல் பாய் தொங்கிப் போகும் என்று தெரிந்தால், அதுதான் பாதை. பாய்மரக் கப்பல் காலத்தில் இதை அறிந்த காப்டன்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருவர் அறிந்தது மற்றவருக்குத் தெரியாது. முப்பது வருஷம் கடலில் உழன்ற காப்டன் கண்ணை மூடினால், அவர் கற்றதும் அவரோடு போய்விடும். அடுத்து வருகிறவர் மறுபடியும் புயலில் சிக்கி, பாய் கிழிந்து, முதல் பாடத்திலிருந்து படிக்க வேண்டும்.

இந்த நிலையை மாற்றியவர் மாத்யூ பான்டெய்ன் மோரி. அமெரிக்கக் கடற்படையில் அவர் ஒரு சாதாரண லெப்டினென்ட். ஒரு கால் ஊனம். அவர் புதிதாக ஒரு தீவையும் கண்டுபிடிக்கவில்லை. புதிதாக ஒரு கடலையும் கடக்கவில்லை. தம்முடைய படையிலும் தம் நாட்டுக் கப்பல்களிலும் சிதறிக் கிடந்த அனுபவத்தை ஒன்று திரட்டினார். திரட்டியதை, கொடுத்தவர்களுக்கே திருப்பிப் பங்கிட்டார். அதனாலேயே உலகப் புகழ் பெற்றார்.

மரத்திலிருந்து விழுந்த பையன்

மோரி 1806-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் டென்னஸி மாநிலத்துக்குக் குடியேறியது. விவசாயக் குடும்பம். பிள்ளைகளும் வயலில் இறங்கி உழைக்க வேண்டும்.

பன்னிரண்டாவது வயதில் மோரி உயரமான மரத்தில் ஏறி, கீழே விழுந்தான். முதுகில் பலத்த அடி. இனி இவன் வயல் வேலைக்கு உதவமாட்டான் என்று தந்தை எண்ணினார். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். விழுந்ததும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று!

மூத்த அண்ணன் ஜான் கடற்படை அதிகாரி. தம்பிக்கு அவர்தான் தெய்வம். ஆனால் 1824-ல் மஞ்சள் காய்ச்சலால் அண்ணன் கப்பலிலேயே இறந்துபோனார். ஒரு மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த தந்தைக்கு, இன்னொரு மகனை அனுப்ப மனம் வருமா? ஆனாலும் மோரி கேட்கவில்லை. 1825-ல், 19-வது வயதில், கடற்படையில் சேர்ந்துவிட்டார்.

ஐந்து ஆண்டுகளுக்குள் உலகத்தையே சுற்றி வந்தார். அவர் பணியாற்றிய வின்சென்ஸ் என்ற கப்பல் 1830-ல் அமெரிக்காவுக்குத் திரும்பியது. உலகைச் சுற்றி வந்த முதல் அமெரிக்கப் போர்க்கப்பல் அதுதான்.

கிடைக்காத புத்தகம்

1831-ல் பால்மவுத் என்ற கப்பலில் வழி கணிக்கும் பொறுப்பு மோரியிடம் வந்தது. கப்பல் பசிபிக் சமுத்திரத்துக்குப் போக வேண்டும். பனாமா கால்வாய் இல்லாத காலம். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். மாலுமிகளின் மயானம் என்று சொல்லத்தக்க இடம் அது. எதிர்க்காற்றும் பனியும் மலைபோன்ற அலைகளும் வாரக் கணக்கில் கப்பலைத் தடுத்து நிறுத்திவிடும்.

புறப்படுமுன் நியூயார்க் நகரில் மோரி தேடினார். அந்த முனையில் எந்தக் காற்று எப்போது வீசும், நீரோட்டம் எப்படிப் போகும் என்று விவரமாகச் சொல்லும் ஒரு புத்தகமோ படமோ கிடைக்குமா என்று அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. எத்தனையோ கப்பல்கள் அந்த வழியே போய் வந்திருந்தன. ஆனால் அடுத்தவருக்கு உதவும்படி யாரும் தொகுத்து வைக்கவில்லை.

இந்தக் குறை அவர் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. ஹார்ன் முனையைக் கடந்தபோது தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதினார். 1836-ல் கப்பல் செலுத்தும் கலை பற்றி ஒரு பாடநூலும் வெளியிட்டார்.

ஒடிந்த கால்

1839-ம் ஆண்டு அக்டோபர் மாதம். ஓஹையோ மாநிலத்தில் இரவு நேரம் குதிரைக் கோச்சு வண்டியில் மோரி பயணம் செய்தார். வண்டிக்குள் ஒரு பெண்மணிக்கு இடமில்லை. மோரி தம் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, வெளியே வண்டிக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வண்டி குடை சாய்ந்தது. மோரியின் கால் ஒடிந்தது. எலும்பைச் சரியாகச் சேர்க்காததால் மறுபடி ஒடித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் வாழ்நாள் முழுவதும் நொண்டி நடக்க வேண்டியதாயிற்று.

அப்போது அவருக்கு வயது 33. கடற்படை அதிகாரிக்குக் கடலே வாழ்வு. கப்பல் தளத்தில் நிற்க முடியாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1842-ல் அவரை வாஷிங்டனில் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். கடல் படங்களும் கருவிகளும் சேமித்து வைக்கும் கிடங்குக்கு அவர் மேலதிகாரி. வெளிப்பார்வைக்கு அது கிடங்கு உத்தியோகம்தான்.

அந்தக் கிடங்கில் பழைய காகிதக் கட்டுகள் குவிந்து கிடந்தன. லாக் என்று கப்பல்காரர்கள் சொல்லும் கப்பல் நாட்குறிப்புகள் அவை. கடற்படைக் கப்பல் ஒவ்வொன்றும் தினந்தோறும் தான் இருந்த இடம், காற்று வீசிய திசை, கப்பல் ஓடிய வேகம், கண்ட நீரோட்டம் எல்லாவற்றையும் குறித்து வைக்கும். பயணம் முடிந்ததும் குறிப்பு வாஷிங்டனுக்கு வரும். பிறகு அதைத் திறந்து பார்ப்பார் இல்லை. குப்பை என்றே மற்றவர்கள் நினைத்தார்கள்.

நியூயார்க்கில் தாம் தேடிக் கிடைக்காத புத்தகம் அந்தக் குப்பைக்குள் துண்டு துண்டாகக் கிடப்பதை மோரி கண்டார்!

ஒரு குறிப்பு, ஆயிரம் குறிப்பு

ஒரு காப்டனின் குறிப்பை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அவர் போன நாளில் தற்செயலாகப் புயல் அடித்திருக்கலாம். ஆனால் ஒரே கடல் பகுதியை, ஒரே மாதத்தில், நூறு கப்பல்கள் கடந்திருந்தால்? நூறு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தப் பகுதியின் இயல்பு தெரிந்துவிடும்.

மோரி அதைத்தான் செய்தார். கடலை ஐந்து பாகை நீளம், ஐந்து பாகை அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்தார். தம் கீழிருந்த இளம் அதிகாரிகளை உட்கார வைத்து, நாட்குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு மாதமும் எத்தனை தடவை எந்தத் திசையிலிருந்து காற்று வீசியது என்று எண்ணி எழுதினார்கள். கண் வலிக்கும் வேலை. வருஷக் கணக்கில் நடந்தது.

1847-ல் வடக்கு அட்லாண்டிக் சமுத்திரத்துக்கான காற்று, நீரோட்டப் படம் வெளிவந்தது. ஆனால் காப்டன்கள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. கரையில் உட்கார்ந்திருக்கும் நொண்டி லெப்டினென்ட் கடலோடிக்கு வழி சொல்வதாவது!

75 நாள் பயணம்

அந்நாளில் அமெரிக்காவிலிருந்து பிரேசில் நாட்டின் ரியோ துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் நேராகப் போவதில்லை. பிரேசிலின் வடகிழக்கு மூலையில் கடுமையான நீரோட்டம் கப்பலைப் பின்னே தள்ளிவிடும் என்று ஒரு பயம். ஆகவே ஆப்பிரிக்கா பக்கமாக வெகுதூரம் ஒதுங்கிப் போய், பிறகு மேற்கே திரும்பி வருவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம்.

நாட்குறிப்புகளைப் படித்த மோரிக்கு அந்தப் பயம் மிகையானது என்று தெரிந்தது. நேர் வழியே போகலாம் என்று படத்தில் காட்டினார்.

1848-ல் ஜாக்சன் என்ற காப்டன் துணிந்து அந்த வழியே போனார். பால்டிமோர் துறைமுகத்திலிருந்து ரியோ சென்று, சரக்கு இறக்கி, ஏற்றித் திரும்பினார். கடலில் கழிந்தது போக வர 75 நாட்களே. வழக்கமான பயணத்தைவிட ஒரு மாதத்துக்கும் மேல் மிச்சம்! ஒரு மாதம் மிச்சமென்றால் மாலுமிகளின் சம்பளம், சாப்பாடு, வட்டி எல்லாமே மிச்சம். முதலாளிகள் சும்மா இருப்பார்களா? எல்லாக் காப்டன்களும் மோரியின் படத்தைக் கேட்டு வந்தார்கள்.

விலை என்ன?

படத்துக்கு மோரி காசு கேட்கவில்லை. வேறொரு விலை வைத்தார். அச்சடித்த வெற்றுப் படிவம் ஒன்றைக் காப்டனிடம் கொடுத்தார். நாள்தோறும் கப்பல் இருக்கும் இடம், காற்று, நீரோட்டம், காற்றின் வெப்பம், நீரின் வெப்பம், பாரமானி காட்டும் அளவு எல்லாம் அதில் நிரப்பப்பட வேண்டும். பயணம் முடிந்ததும் நிரப்பிய படிவம் வாஷிங்டனுக்கு வர வேண்டும். அப்படி அனுப்புகிறவருக்குப் படங்களும் வழிகாட்டி நூலும் இலவசம்.

மோரியின் மேதை இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. காப்டன் மாணவராக வந்து படம் வாங்கினார். ஆசிரியராகத் திரும்பி வந்து பாடம் சொன்னார். அடுத்த பதிப்பு முன்னதைவிடத் திருத்தமாக வந்தது. தாம் அனுப்பிய குறிப்பு தமக்கே பயன்பட்டதைக் கண்ட காப்டன் மேலும் கவனமாக எழுதினார். சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்கள் இந்த வேலையில் சேர்ந்துவிட்டன. திமிங்கில வேட்டைக்காரர்களும் சேர்ந்தார்கள். எந்தக் கடலில் எந்த மாதத்தில் திமிங்கிலம் தென்படும் என்று அவர்கள் தந்த குறிப்புகளைக் கொண்டு ஒரு தனிப் படமே தயாராயிற்று. சில காப்டன்கள் இடமும் தேதியும் எழுதிய சீட்டைப் புட்டியில் அடைத்துக் கடலில் எறிந்தார்கள். வேறொருவர் அதை வேறொரு கரையில் எடுத்து அனுப்பினார். நீரோட்டத்தின் போக்கு அதனால் தெரிந்தது.

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்து, ஜனங்கள் அங்கே ஓடிய சமயம் அது. நியூயார்க்கிலிருந்து ஹார்ன் முனையைச் சுற்றி சான்பிரான்சிஸ்கோ போக சுமார் ஆறு மாதம் பிடித்தது. மோரியின் வழியில் போன கப்பல்களுக்குச் சராசரியாக ஒன்றரை மாதம் குறைந்தது. 1851-ல் பிளையிங் கிளவுட் என்ற கப்பல் 90 நாட்களுக்குள் போய்ச் சேர்ந்து உலகத்தையே வியக்க வைத்தது. அந்தக் கப்பலுக்கு வழி கணித்தவர் காப்டனின் மனைவி எலினார் கிரீசி. மோரியின் நூலை ஊன்றிப் படித்தவர் அந்த அம்மையார்.

கடலின் அடியும் தெரிந்தது

மோரியின் அலுவலகத்திலேயே புரூக் என்ற இளம் அதிகாரி இருந்தார். ஆழ்கடலில் கயிற்றை இறக்கினால் அடி தட்டியதா இல்லையா என்றே தெரியாத காலம். துளையிட்ட பீரங்கிக் குண்டைக் கயிற்றில் கோத்து இறக்கும் ஒரு கருவியை அவர் செய்தார். அடி தட்டியதும் குண்டு கழன்று அங்கேயே தங்கிவிடும். உள்ளே இருக்கும் குழாய் சிறிது சேற்றுடன் மேலே வரும். அந்தச் சேற்றைப் பூதக் கண்ணாடியில் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியாத சிறு ஓடுகள் உடையாமல் இருந்தன. அடியில் நீர் அசையாமல் கிடக்கிறது என்று மோரி முடிவு செய்தார்.

1854-ல் சைரஸ் பீல்ட் என்ற வியாபாரி அட்லாண்டிக் கடலின் அடியில் தந்திக் கம்பி போட நினைத்து மோரியிடம் யோசனை கேட்டார். அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே கடலடி மேடாக இருப்பதை மோரி ஏற்கெனவே படமாக வரைந்து வைத்திருந்தார். 1858-ல் போட்ட கம்பி சில வாரங்களே வேலை செய்தது. 1866-ல் போட்டது நிலைத்தது.

அதே 1854-ல் ஆர்க்டிக் என்ற நீராவிக் கப்பல் மூடுபனியில் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. 300-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். போகும் கப்பலுக்கு ஒரு பாதை, வரும் கப்பலுக்கு வேறு பாதை என்று மோரி அடுத்த ஆண்டே வகுத்துக் காட்டினார்.

பத்து நாடுகள்

ஒரு நாட்டுக் கப்பல்கள் உலகக் கடல் முழுவதையும் பார்த்துவிட முடியாது. ஆகவே எல்லா நாடுகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் எழுத வேண்டும் என்று மோரி விரும்பினார். 1853-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரஸ்ஸல்ஸ் நகரில் மகாநாடு கூடியது. பிரிட்டன், பிரான்சு, ரஷ்யா உள்பட பத்து நாடுகளின் பிரதிநிதிகள் வந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான படிவம் ஒன்று முடிவாயிற்று. இன்னொரு தீர்மானமும் உண்டு. யுத்தம் வந்து ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்தாலும், இந்தக் குறிப்புப் புத்தகத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று கேட்டுக் கொண்டார்கள்.

1855-ல் கடலின் இயற்கைப் பூகோளம் பற்றிய மோரியின் நூல் வெளிவந்தது. பல பதிப்புகள், பல மொழிபெயர்ப்புகள். பருவக்காற்றுகளைப் பற்றி ஜாவாக் கடலில் பழகிய டச்சு லெப்டினென்ட் யான்சன் எழுதி அனுப்பியதை, அவர் பெயரைச் சொல்லியே அதில் சேர்த்தார். பிறர் அறிவைத் தம்முடையது என்று சொல்லிக் கொள்ளவில்லை.

ஆனால் மோரி சறுக்கிய இடமும் உண்டு. குறிப்புகள் பேசிய வரையில் அவர் சொன்னது பலித்தது. கப்பலே போகாத இடத்தைப் பற்றி ஊகித்தபோது தவறினார். வட துருவத்தைச் சுற்றிப் பனியில்லாத கடல் இருக்கிறது என்று நம்பினார். அப்படி ஒரு கடல் இல்லை. பூமியைச் சுற்றிக் காற்று ஓடும் விதம் பற்றி அவர் சொன்னதையும், 1856-ல் வில்லியம் பெரல் என்ற பள்ளி ஆசிரியர் மறுத்து எழுதினார்.

சொந்த வீட்டில் அவமதிப்பு

உலகம் கொண்டாடியவரை அவருடைய படை கொண்டாடவில்லை. 1855-ல் திறமையற்ற அதிகாரிகளைக் களைந்தெடுக்க ஒரு குழு போட்டார்கள். அது நீக்கிய 200-க்கு மேற்பட்டவர்களில் மோரியும் ஒருவர். கடலில் கப்பல் ஓட்டத் தகுதியற்றவராம்! உத்தியோகப் பட்டியலிலிருந்து விலக்கி, சம்பளத்தைக் குறைத்தார்கள். கப்பல் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் வழி சொன்னவருக்கு இந்த மரியாதை! மோரி விடாமல் போராடினார். 1858-ல் மறுபடியும் சேர்த்துக்கொண்டு கமாண்டர் பதவியும் கொடுத்தார்கள்.

எந்தக் கப்பல் யாருடையது?

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முறையைக் காக்கத் தென் மாநிலங்கள் பிரிந்து போயின. வர்ஜீனியாவும் பிரிந்தது. சொந்த மாநிலத்தை விட்டுக் கொடுக்க மோரிக்கு மனமில்லை. ஏப்ரல் மாதம் ராஜினாமா செய்துவிட்டு, 19 ஆண்டு வளர்த்த அலுவலகத்திலிருந்து வெளியேறினார்.

அடிமை முறையை அவர் எதிர்த்தவரும் அல்லர். தென் மாநிலத்தவர் தங்கள் அடிமைகளோடு அமேசான் நதிக்கரையில் குடியேறலாம் என்று முன்பே யோசனை சொன்னவர். காற்றையும் நீரோட்டத்தையும் தெளிவாகப் படித்த கண், பக்கத்தில் நின்ற மனிதனின் துயரத்தைப் படிக்கவில்லை.

தென் மாநிலங்களுக்காக அவர் மின்சாரத்தால் வெடிக்கும் கண்ணி வெடிகளை நீரில் அமைத்தார். பிறகு இங்கிலாந்துக்குப் போய், 1863-ல் ஜார்ஜியா என்ற கப்பலை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கப்பல் கடலில் திரிந்து வட மாநிலங்களின் வியாபாரக் கப்பல்களைப் பிடித்தது. யாருடைய நாட்குறிப்புகளால் அவர் பெயர் பெற்றாரோ, அந்தக் காப்டன்களின் இனத்தவர்தான் அங்கே இரையானார்கள். யுத்தத்திலும் குறிப்புப் புத்தகத்தைத் தொடாதீர்கள் என்று பத்து நாடுகளைக் கேட்டவர் கையாலேயே இது நடந்தது. அதே ஆண்டில் அவருடைய மகன் ஒருவர் போர்முனையில் காணாமற்போனார், திரும்பி வரவேயில்லை.

1865-ல் தென் மாநிலங்கள் தோற்றன. மோரி நாடு திரும்ப முடியாமல் மெக்ஸிகோவிலும் இங்கிலாந்திலும் காலம் கழித்தார். 1868-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு வர்ஜீனியா திரும்பி, லெக்ஸிங்டன் ஊரில் பேராசிரியரானார். கடலோடிகள் செய்ததை இனி விவசாயிகள் செய்ய வேண்டும், ஊர் ஊராக மழையையும் காற்றையும் குறித்துத் தந்தியில் அனுப்ப வேண்டும் என்று ஊர் ஊராய்ச் சென்று பேசினார். உடல் தாங்கவில்லை. 1873-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி காலமானார். அதே ஆண்டில் வியன்னாவில் பல நாட்டு வானிலை நிபுணர்கள் கூடி சர்வதேச வானிலை ஸ்தாபனத்துக்கு அடிகோலினார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் பிரஸ்ஸல்ஸில் விதைத்த விதை அது.

நின்றது எது?

ரிச்மண்ட் நகரில் மோரிக்கு 1929-ல் சிலை வைத்தார்கள். அடிமை முறைக்காகப் போரிட்ட பக்கத்தைச் சேர்ந்தவர் என்பதால் 2020-ல் அந்தச் சிலையை அகற்றிவிட்டார்கள்.

அவருடைய படங்கள் நின்றன. அமெரிக்கக் கடற்படை பிற்காலத்தில் வெளியிட்ட வழிகாட்டிப் படங்களில், இவை லெப்டினென்ட் மோரியின் ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டவை என்று நெடுங்காலம் அச்சிட்டு வந்தார்கள். அவர் விலகி எதிர்ப்பக்கம் போன அதே கடற்படைதான்!

அவர் சேர்த்த நாட்குறிப்புகளும் அழியவில்லை. 1990-க்குப் பிறகு அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பூமி எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று ஆராயும் விஞ்ஞானிகளுக்கு, 150 ஆண்டுகளுக்கு முந்திய கடலின் வெப்பம் அதிலிருந்து கிடைத்தது. விளக்கு வெளிச்சத்தில் அன்றன்று கண்டதை எழுதி வைத்த காப்டன்கள் இதைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களில் பலருடைய பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. அவர்கள் அறிந்தது மட்டும் அவர்களோடு போகவில்லை.